உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய், எலுமிச்சை: அம்மாவின் ஈறுக்கு எது உதவும், எது கெடுக்கும்?

கேள்வியின் சுருக்கம் இது. அம்மாவுக்கு 56 வயது, தருமபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததால் பேஸ்ட்டை விட்டுவிட்டார். காலையில் நல்லெண்ணெய் கொப்பளிக்கிறார், பகலில் உப்புத் தண்ணீர், ராத்திரி உப்பும் எலுமிச்சைச் சாறும் தொட்டு விரலால் தேய்க்கிறார். ரத்தம் குறைந்திருக்கிறது. “பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்கிறது, நம் ஊர்க்காரர்கள் பல்லில் கறை வந்ததே அதனால்தான்” என்று சொல்கிறார். இப்படியே தொடரலாமா, வேறு எந்தக் கைவைத்தியம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பல் மருத்துவராக முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் தொடரட்டும். நல்லெண்ணெய் அவருக்குப் பிடித்திருந்தால் அதுவும் இருக்கட்டும். எலுமிச்சையை இன்று ராத்திரியே நிறுத்த வேண்டும். பிரஷ்ஷும் பேஸ்ட்டும் திரும்ப வர வேண்டும். கூடிய சீக்கிரம் ஒரு பல் மருத்துவரிடம் காட்டி, பல்லில் கல்லாக இறுகியிருக்கும் காரையை எடுக்க வேண்டும். ரத்தம் குறைந்ததை மட்டும் வைத்து நோய் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஏன் என்று கேட்டால், காலையில் பல் விளக்குவதற்கு முன் பல்லும் ஈறும் சேரும் விளிம்பை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெளுத்த மஞ்சள் நிறத்தில் பசை மாதிரி ஒன்று நகத்தில் வரும். சாப்பாட்டு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பல்லின் மேல் கட்டிய படலம். எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தாலும் போகாது, உரசினால்தான் போகும். உரசாமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து, சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கல்லாக இறுக ஆரம்பிக்கும். அதுதான் காரை. காரை ஆனபிறகு பிரஷ்ஷாலும் போகாது, மருத்துவர் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஈறில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈறு விளிம்பிலும் அதற்கு அடியிலும் இருக்கும் இந்தப் படலமும் காரையும்தான்.

உப்புத் தண்ணீர் செய்வது வேறு வேலை. வீங்கிய ஈறில் இருக்கும் நீரைக் கொஞ்சம் இழுக்கிறது, புண்ணைக் கழுவுகிறது, வலியைத் தணிக்கிறது. வீக்கம் வற்றினால் ரத்தமும் குறையும். ஆனால் ஈறுக்கு அடியில் காரை அப்படியே உட்கார்ந்திருக்கும், எலும்பு சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இது இன்னும் முக்கியம். சர்க்கரை ஏறினால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததாக பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. பல் சுத்தம் செய்வதால் மட்டும் கிடைக்கும் இந்தப் பலன் சின்னது இல்லை.

சரி, உப்புத் தண்ணீரை எப்படிச் செய்வது? ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. அரை டீஸ்பூன் ஏறக்குறைய 3 கிராம், கரைசல் 1.2 சதவீதம் அளவுக்கு வரும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வகப் பரிசோதனையில் 0.9 முதல் 1.8 சதவீத உப்புக் கரைசலில் அலசியபோது ஈறின் செல்கள் காயத்தை நோக்கி நன்றாக நகர்ந்தன. கண்ணாடித் தட்டில் நடந்த சோதனைதான் என்றாலும், பாட்டிமார் கைக்கணக்கில் போட்ட அளவு அந்த வரம்புக்குள் விழுகிறது. உப்பு கூடினால் பலன் கூடாது, வாய் வறண்டு எரியும். கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாம் ஒன்றுதான். முழுதாகக் கரைந்திருக்க வேண்டும், அவ்வளவே. அரை நிமிடம் வாயில் சுழற்றித் துப்பவும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போதும். துப்பிவிடுவதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் செய்யலாம்.

பல் பிடுங்கிய அன்று மட்டும் எந்தக் கொப்பளிப்பும் கூடாது. பிடுங்கிய குழியில் உறையும் ரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. வேகமாகக் கொப்பளித்துத் துப்பினால் அது பெயர்ந்துவிடும், அப்புறம் எலும்பு வெளியே தெரிந்து இரண்டு மூன்று நாள் கழித்து உயிர்போகிற வலி வரும். 24 மணி நேரம் கழித்து உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்து மெதுவாக வழியவிடலாம்.

இப்போது எலுமிச்சை. இதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. அமிலத்தை பிஹெச் என்ற எண்ணால் அளக்கிறோம், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் என்ற பல்லின் வெளி ஓடு கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு பிஹெச் 2-ஐ ஒட்டி இருக்கிறது. அதைத் தடவி எனாமலை மெத்தென்று ஆக்கிவிட்டு, அந்த நிமிடமே உப்புப் பரலை வைத்துத் தேய்ப்பது எனாமலைச் சீவி எடுப்பதற்குச் சமம். தேய்த்தவுடன் பல் பளிச்சென்று தெரியும். மேல் தோல் போன பளபளப்பு அது. எனாமல் உயிருள்ள திசு இல்லை, போனால் திரும்ப வளராது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் மஞ்சள் நிறம், எனாமல் தேயத் தேய அந்த மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியும். உடனே இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். பேக்கிங் சோடாவில் எலுமிச்சை பிழிந்து நுரை பொங்கத் தேய்க்கும் வீடியோக்களையும் பார்க்கிறேன். பொங்குவது கரியமில வாயு, அழுக்கை எடுக்கும் நுரை இல்லை.

இப்படித் தேய்ப்பவர்கள் வாயைத் திறந்தால் ஓர் அடையாளம் தெரியும். கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தால், கோரைப்பல்லிலும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டு பற்களிலும் ஈறு ஓரமாக ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு இருக்கும். நகத்தை வைத்தால் நகம் மாட்டும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கத்தில் ஆழமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் கை அழுத்தமாக விழுகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் கதை. உமிக்கரி, அடுப்புக்கரி, செங்கல் பொடி, காவிக்கல் போட்ட சிவப்புப் பல்பொடி எல்லாம் இதே வேலையைச் செய்யும். உமியில் இயல்பாகவே சிலிக்கா நிறைய உண்டு, எரித்த பின்னும் அது கரகரப்பாக நிற்கும். இப்போது பளபளப்பான டியூபில் விற்கும் சார்க்கோல் பேஸ்ட்டுக்கும் பல்லை வெளுக்க வைக்கும் என்பதற்கோ சொத்தையைத் தடுக்கும் என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்றுதான் 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. புகையிலை கலந்த பல்பொடியை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. அப்படியும் சில கிராமங்களில் பெண்கள் புகையிலைத் தூளைப் ‘பல்வலிக்கு நல்லது’ என்று ஈறில் தேய்க்கிறார்கள். வாய்ப் புற்றுநோய்க்கு அதைவிட நேர்வழி கிடையாது.

உங்கள் அம்மா எலுமிச்சைக்குப் போனதற்குக் காரணம் அந்தப் பழுப்புக் கறையாக இருக்கும் என்று நினைக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி இருக்கிறது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிஞ்சுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பு) தணிப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது குடித்தது அந்தக் கிணற்று நீர். எட்டு வயதுக்குள், ஈறுக்கு அடியில் பல் உருவாகும்போதே, எனாமலுக்கு உள்ளே ஏறிய கறை அது. உள்ளே இருப்பதை மேலே தேய்த்து எடுக்க முடியாது, தேய்த்தால் பல்தான் தேயும். அது அழுக்கும் இல்லை, அவர் பல் விளக்காததால் வந்ததும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்துப் பழகியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கறை மனதை உறுத்தினால் பல் மருத்துவர் மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சரிசெய்யவோ பல் நிறத்தில் பூச்சு வைக்கவோ முடியும்.

பேஸ்ட் பற்றிய அவர் பயமும் அங்கிருந்துதான் வருகிறது, அது நியாயமான பயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டில் ஒரு பட்டாணி அளவு, அதாவது சுமார் கால் கிராம் எடுத்தால் அதில் ஃபுளோரைடு கால் மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராம் உடம்புக்குள் போகிறது. பல் முளைத்து முடிந்த பெரியவருக்குப் பேஸ்ட்டால் புதுக் கறை வராது. மேலே படும் ஃபுளோரைடு எனாமலை இறுக்கிச் சொத்தையைத் தடுக்கும், குறிப்பாக ஈறு இறங்கி வேர் தெரியும் வயதில் மிகவும் தேவை. கவனம் வேண்டியது குழந்தைகளிடம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும்.

நல்லெண்ணெய்க்கு வருகிறேன். வாயில் மருந்தை நிறைத்து வைப்பதும் சுழற்றிக் கொப்பளிப்பதும் ஆயுர்வேதத்தில் பழைய முறைகள். சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு அழற்சி உள்ள 20 விடலைப் பையன்களில் ஒரு பாதிக்கு நல்லெண்ணெயும் மறுபாதிக்குக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷும் பத்து நாள் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் படலமும் அழற்சியும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் இருபது பேர், பத்து நாள் என்பது சின்ன அளவு, அதிலும் எண்ணெய் பல் விளக்குவதோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக இல்லை. ஆகவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை வெறும் வயிற்றில் பத்து பதினைந்து நிமிடம் சுழற்றித் துப்பிவிட்டு, அப்புறம் பல் விளக்கட்டும். துப்பும்போது எண்ணெய் வெள்ளையாகத் திரிந்து வருவதைப் பார்த்து உடம்பின் நஞ்செல்லாம் வந்துவிட்டது என்கிறார்கள். எண்ணெயையும் எச்சிலையும் சேர்த்துக் குலுக்கினால் யார் வாயிலும் அப்படித்தான் வெளுக்கும். தொண்டைவரை இழுத்துக் கரகரக்க வேண்டாம், விழுங்கவும் வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. சின்னக் குழந்தைகளுக்கும், பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இது ஆகாது. மூட்டுவலி, தைராய்டு, ஒற்றைத் தலைவலி எல்லாம் எண்ணெய் கொப்பளித்தால் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேப்பங்குச்சி, ஆலங்குச்சி பற்றி எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் அது உரசுகிறது. நுனியை மென்று நார் நாராகப் பிரித்து, மெதுவாக மேலும் கீழுமாகத் தேய்த்தால் நன்றாகவே சுத்தமாகும். அரபு நாடுகளில் பயன்படுத்தும் மிஸ்வாக், நம் ஊர் உகாய் மரத்தின் குச்சிதான். அந்த வழக்கம் இருக்கும் இடங்களில் அதை ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. குறை என்னவென்றால், கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்துக்குக் குச்சி போகாது, மொத்தக் குச்சியை விறகு மாதிரி வைத்துக் குறுக்கே இழுத்தால் ஈறு இறங்கும். தாத்தா குச்சியில் விளக்கித்தான் கடைசிவரை முறுக்கு கடித்தார் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர் நாளைக்கு நான்கு டீயும் பிஸ்கட்டும் சாப்பிடவில்லை. பல்லைக் காத்ததில் குச்சிக்குப் பாதிப் பங்கு இருந்தால், சர்க்கரை இல்லாத சாப்பாட்டுக்கு மீதிப் பங்கு.

கிராம்பு உண்மையாகவே வலியை மரக்கச் செய்யும். அதில் உள்ள யூஜினாலைத் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்க நாங்களும் பயன்படுத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலி வந்தால் ஒரு கிராம்பை வலிக்கும் பல் பக்கத்தில் அடக்கிக்கொள்ளலாம். கடையில் வாங்கும் கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோகும், பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, தேங்காய் எண்ணெயில் நீர்க்க வைத்து, பல்லின் குழியில் மட்டும் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு எண்ணெய் வேண்டாம், விழுங்கினால் கல்லீரலைப் பாதிக்கும். அதேபோல ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் ஓரத்தில் அடக்குவதும் கன்னத்தை வெள்ளையாகச் சுட்டுவிடும், மாத்திரை வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்யும். கிராம்பில் வலி நின்றுவிட்டது என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பல்லுக்குள் நரம்பு செத்தாலும் வலி நிற்கும், சொத்தை நிற்காது.

படிகாரம் துவர்ப்பால் ரத்தத்தை நிறுத்தும், ஆனால் அதன் கரைசலும் அமிலம்தான், தினசரிக்கு வேண்டாம். மஞ்சள் தண்ணீர் ஈறுக்கு இதமானது, கெடுதல் இல்லை, கறைபடியும். வாய்ப்புண்ணுக்குக் கொய்யா இலை வேகவைத்த தண்ணீர் ஆறியபின் கொப்பளிக்கலாம், மணத்தக்காளிக் கீரை சாப்பிடலாம். பேக்கிங் சோடா நல்ல பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சோடாவும் ஒரு டீஸ்பூன் உப்பும் கலந்த கரைசலைப் புற்றுநோய் சிகிச்சையில் வாய் வெந்துபோனவர்களுக்கே கொடுக்கிறார்கள், எலுமிச்சை சேர்க்காதவரை அமிலத்தை முறிக்கும். கைக்குழந்தையின் வாய்ப்புண்ணுக்குத் தேனில் குழைத்த மாசிக்காய், பொரித்த வெங்காரம் (போராக்ஸ்) என்று தடவுவது மட்டும் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் நரம்பை முடக்கும் பாட்யுலிசம் என்ற நோயைக் கொண்டுவரலாம், வெங்காரம் குழந்தைக்கு விஷம்.

கடைகளில் கிடைக்கும் குளோர்ஹெக்ஸிடினை வாரக்கணக்கில் தன்னிஷ்டத்துக்குப் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். மருத்துவர் சொன்ன நாள்வரைக்கும்தான். பேஸ்ட்டில் பல் விளக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளிக்க வேண்டும், உடனே செய்தால் பேஸ்ட்டின் நுரைப் பொருள் அதன் வேலையைக் கெடுக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கைவைத்தியமாக நான் நினைப்பது, சாப்பிட்டு முடித்ததும் கை கழுவும் இடத்திலேயே இரண்டு வாய் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துத் துப்பும் நம் பழக்கத்தைத்தான். பல்லிடுக்கில் ஒட்டிய சோறும் இனிப்பும் போகும், அமிலம் நீர்த்துப்போகும். வெளியே சாப்பிடும்போது இது கைவிட்டுப் போகிறது. டீ குடித்தபின்னும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நாக்கு வழிப்பதும் அப்படியே. வாய் நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளைப் படலத்திலிருந்தும் கெட்ட ஈறிலிருந்தும்தான் வருகிறது, ஏலக்காய் மென்றால் மறைக்கலாம், போக்க முடியாது.

அம்மாவுக்கு நான் எழுதித் தருவது இப்படி இருக்கும். மென்மையான நார் உள்ள பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், நாரை ஈறு விளிம்பில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக இரண்டு நிமிடம். காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால் ராத்திரி விளக்குவதை விடவே கூடாது. முதல் சில நாள் ரத்தம் வரும், அதற்காக அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது, அந்த இடத்தில்தான் மெதுவாகச் சுத்தம் செய்ய வேண்டும். விளக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொப்பளித்தால் ஃபுளோரைடு எல்லாம் போய்விடும். அதனால் உப்புத் தண்ணீரை அந்த நேரத்தில் வைக்காமல் மதியமும் சாயங்காலமும் வைத்துக்கொள்ளட்டும்.

காரை எடுக்க அவர் தயங்குவார், “மெஷின் வைத்தால் பல் ஆடிவிடும்” என்பார். காரை பல்லைத் தேய்க்காமல் எடுக்கப்படுகிறது. பல வருடக் காரை இடைவெளிகளை அடைத்துக்கொண்டிருந்ததால் அது போனதும் சந்து தெரியும், சில நாள் கூச்சம் இருக்கும், முன்பே எலும்பு கரைந்த பல்லில் ஆட்டம் அப்போதுதான் தெரியவரும். எடுக்காமல் விட்டால் அந்தப் பல் இன்னும் சீக்கிரம் விழும். செலவு தடையாக இருந்தால் அரசுத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை அளவு எழுதிய சீட்டையும் மாத்திரைப் பெயர்களையும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கைவைத்தியத்துக்கு இடமே இல்லாத நிலைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ அழியாத திட்டு, பாக்குப் போடுகிறவருக்கு வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகுவது, பல் தானாக ஆடுவது, ஈறை அழுத்தினால் சீழ் வருவது என்றால் அந்த வாரமே காட்ட வேண்டும். கன்னம் வீங்கியிருந்தால் வெளியே சூட்டு ஒத்தடம் கொடுக்க வேண்டாம், சீழ் பரவலாம். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால், அது நடுராத்திரியாக இருந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் மணிக்கணக்கில் மோசமாகும்.